செத்த வேலிக்குத் தண்ணீர்

செத்துப்போன நாற்பத்திரண்டு தடிகளுக்கு நான் ஒரு மாதம் முழுக்கக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். செத்தது தெரியாமல் ஊற்றியிருந்தால் மன்னித்துவிடலாம். எனக்குத் தெரியும். ஒரு தடியைப் பிடுங்கி, அடியைத் தடவிப் பார்த்து, வேர் என்று சொல்ல ஒரு மயிர்கூட இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அதே குழியில் திரும்பக் குத்தினேன். ஆள் வருகிற சத்தம் கேட்டதும் வாளியைத் தூக்கினேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன். என்னிடம் படித்தவர்கள் எவராவது இதை வாசித்தால், அன்று நான் போட்டுக்கொடுத்த கணக்குகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில், ரூ பெர்தொனேயிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் பின்முற்றத்தில் எங்கள் அறை இருந்தது. முன்பு கரி கொட்டி வைத்த இடமாம். அதில் நாங்கள் ஏழு பேர் கிடந்தோம். குளிக்கிற தண்ணீர்க்குழாய் முற்றத்தில். சமைத்தால் புகை போக ஒரே வழி, முற்றத்துக் கதவு. ஆகவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிலத்தில் சம்மணம் கொட்டியிருந்து சாப்பிடுவோம். சாரம் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்று, குளிரில் கத்திக் கத்திக் குளிப்போம். ஏழு சாரங்களும் முற்றத்துக் கொடியில் காயும். எங்களுக்கு அது வீடு. அந்தக் கட்டடத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்தது என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அறை ஒரு புதுச்சேரிக்காரருடையது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நகரத்துக்கு வெளியே குடியிருந்தார். நாங்கள் அவரை ஐயா என்போம். அவர் எங்களை மொத்தமாக "பசங்க" என்பார். எங்களில் மூத்தவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது.

அந்த அறையை நான் ஏன் விடமுடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அகதி என்று பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். முடிவு பதிவுத் தபாலில் வரும். ரெக்கொமாந்தே என்பார்கள். அது பதிந்து கொடுத்த விலாசத்துக்குத்தான் வரும், பதினைந்து நாள் தபாற்கந்தோரில் கிடக்கும், எடுக்க ஆளில்லையென்றால் திரும்பிப் போய்விடும். அதோடு கதை முடிந்தது. விலாசத்தை மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றுவதற்குப் புது வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். ஏழு பேரில் ஒருவரைத் தன் வீட்டு விலாசத்தில் வைக்க அந்த நாளில் எவர் கையெழுத்துப் போடுவார்? இப்படி அறை மாறிக் கடிதத்தைத் தவறவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் என்னைக் கண்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. என் மனைவி யாழ்ப்பாணத்தில், நான் முகம் பார்த்திராத ஒரு குழந்தையோடு இருந்தாள். அந்தக் கடிதம் வந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அந்தக் கடிதத்துக்கு உலகத்திலேயே தெரிந்த ஒரே கதவு, எங்கள் கரியறைக் கதவு.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் ஐயா வந்தார். கையில் ஒரு தாள். உட்காரவில்லை.

"சேந்திக்கு லெத்தர் போட்டிருக்கான்பா" என்றார். சேந்திக் என்றால் கட்டடத்தை நிர்வகிக்கிறவன். "கூர்ல, முத்தத்துல குளிக்கிறானுங்க, துணி காயப் போடுறானுங்க, கீழ உக்காந்து சாப்பிடுறானுங்க, எல்லாம் பார்வைக்குத் தெரியுதுன்னு கம்ப்ளெயிண்ட். கையெழுத்து யாருன்றே? அந்த நாய்க்கார மதாம்."

நாய்க்கார மதாமை எங்களுக்குத் தெரியும். காலையும் மாலையும் ஒரு குட்டை நாயை இழுத்துக்கொண்டு முற்றத்துப் பாதையால் போவார். நாங்கள் "போன்ஜூர் மதாம்" என்போம். நாய் மட்டும் திரும்பிப் பார்க்கும்.

"ஜூன் மாசம் அசம்ப்ளே. வீட்டுக்காரங்க எல்லாம் கூடுவாங்க. அதுக்குள்ள சரி பண்ணலேன்னா உங்கள காலி பண்ணச் சொல்லி வோட்டு போடுவாங்க. நான் என்னாப்பா செய்யிறது? ஜன்னலுக்குத் திரை போடலாம். குழாய்க்குத் திரை போட முடியுமா?"

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் முற்றத்தைப் பார்த்தேன். பாதைக்கும் எங்கள் கதவுக்கும் நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு மண் பாத்தி, முன்பு எவரோ ரோசா வைத்துச் செத்துப்போன பாத்தி, நீளமாகக் கிடந்தது. அந்த நேரத்தில் என் வாயை எவராவது பொத்தியிருக்கலாம்.

"வேலி போடுவம் ஐயா" என்றேன்.

"பலகை வேலிக்கு அவங்க ஒத்துக்கணும்பா."

"பலகை இல்லை, பச்சை வேலி. செடி. செடி வைக்க ஆரும் மாட்டன் எண்டு சொல்லுவினமே? நாங்கள் வேலிக்குப் பிறந்த ஆக்கள் ஐயா. எங்கட ஊரிலை வீட்டுக்கு முதல் வேலிதான் கட்டுவினம்."

"எம்மாம் நாளாகும்?"

"ஒரு மாரி காணும்" என்றேன், ஒரு மழைக்காலம் போதும் என்ற நிச்சயத்தோடு.

அறையில் மூத்தவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற மனிதர், என்னை ஆமோதித்துத் தலையாட்டினார். அண்ணை சாதாரண ஆள் இல்லை. ஊரில் ஒரு முழ வேலிக்காகப் பக்கத்து வளவுக்காரனோடு பதினொரு வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர். வேலி விஷயத்தில் அவர் தலையாட்டினால் எங்களுக்கு அது தீர்ப்பு.

என்ன செடி என்பதை எனக்குச் சொன்னது அந்தக் கட்டடத்தின் காவற்காரி. கொன்சியேர்ஜ். போர்த்துக்கல் நாட்டுப் பெண். வாசலறையில் இருந்து, எல்லோருக்கும் தபால் பிரித்துக் கொடுப்பவர். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் சமமாக உடைந்திருந்ததால் எங்களுக்குள் நல்ல விளக்கம் இருந்தது. தினமும் அவருடைய கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நிற்பேன். அவர் உதட்டைப் பிதுக்கி "ரியான்" என்பார். ஒன்றுமில்லை. அன்றைக்கு ரியான் சொன்ன பிறகு, குளிரிலும் இலை கொட்டாத வேலிச்செடி எது என்று கேட்டேன். "லொரியே" என்றார். அடர்த்தி, வேகம், வருடம் முழுக்கப் பச்சை. புறநகரில் எல்லா வீட்டிலும் அதுதானாம். எப்படி வைப்பது என்று நான் கேட்கவில்லை. வேலிக்குப் பிறந்தவன் அதையெல்லாம் போர்த்துக்கல்காரியிடம் கேட்பானா?

புறநகரான வில்லியே லே பெல்லில் எங்கள் ஊரவர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு கிழவனாரின் தோட்டத்தில் மூன்று பக்கமும் லொரியே வேலி. கார் நிறுத்த இடம் எடுப்பதற்காக ஒரு பக்கத்தை அவர் வெட்டிக்கொண்டிருந்தார். நானும் அண்ணையும் போய்ப் பார்த்தோம். மாவிலையைக் கட்டையாக்கி எண்ணெய் பூசிவிட்டது போல இலை. தண்டு மணிக்கட்டுப் பருமன். அண்ணை ஒரு கொப்பை நகத்தால் சுரண்டிப் பச்சையைப் பார்த்தார்.

"கிளுவை மாதிரித்தான் கிடக்குது. ஆறடிக் கதியாலா வெட்டும் தம்பி."

கதியால் என்றால் வேலிக்கு நடுகிற உயிர்த்தடி. எங்கள் பக்கத்தில் கிளுவையையோ பூவரசையோ ஆளுயரத்துக்கு வெட்டி, இலையை உருவி, மழைக்கு முன் அலவாங்கால் குழி குத்தி நட்டுவிடுவார்கள். இரண்டு கிழமையில் தடி முழுக்க முளை கட்டும். நட்ட அன்றைக்கே ஆளுயர வேலி, பதினைந்தாம் நாள் பச்சை. உலகத்து மரமெல்லாம் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்தோம். நினைத்தோம் என்பதுகூடப் பிழை. அதை நினைக்க வேண்டிய விஷயமாகவே நாங்கள் கருதவில்லை.

நாற்பத்திரண்டு தடிகளைப் புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையம் வரை கொண்டுவந்தோம், இலையோடு. இலையை அங்கேயே உருவியிருக்கலாம், ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சனங்கள் எங்களுக்கு இடம் விட்டு எழுந்து போனார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து எங்களையும் காட்டையும் பார்த்து, "இதற்கு டிக்கெட்?" என்றார். அண்ணை எல்லாவற்றுக்கும் சொல்கிற ஒரே பிரெஞ்சு வார்த்தையை, மிகுந்த மரியாதையோடு, "மெர்சி" என்றார். அந்த மனிதர் போய்விட்டார்.

இலையை உருவியது அறைக்குள். வெளியே மழை. கதவைச் சாத்திவிட்டு ஏழு பேரும் வட்டமாக இருந்து உருவினோம். வாதுமைப் பருப்பை அரைத்தது போல ஒரு வாசம் வந்தது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவருக்குத் தலையிடி, அடுத்து இரண்டு பேர் வாளியில் சத்தி எடுத்தார்கள். கொன்சியேர்ஜ் ஓடிவந்து கதவைத் திறந்து கத்தினார். அந்த இலை கசங்கினால் நச்சுக் காற்று வருமாம், பூட்டிய அறையில் வைக்கக்கூடாதாம். போருக்குத் தப்பி ஆறாயிரம் மைல் ஓடிவந்து, வேலி இலையால் மூச்சடைத்துச் சாகப் பார்த்த முதல் அகதிகள் நாங்களாகத்தான் இருப்போம்.

மறுநாள் நட்டோம். கொன்சியேர்ஜ் நிலவறையிலிருந்து ஒரு இரும்புக்கம்பி தந்தார், அதுதான் அலவாங்கு. அண்ணை கயிறு பிடித்து நேர் பார்த்தார். "ஒரு விரற்கடை உள்ளுக்கு எடும், பேந்து வழக்கு வரும்" என்றார், அந்தப் பக்கத்தில் வழக்குப் போட எவருமே இல்லாத இடத்தில். ஊரில் கதியாலின் வெட்டுவாய் காயாமல் இருக்கச் சாணம் அப்புவது வழக்கம். நகரத்தின் பத்தாம் வட்டாரத்தில் மாட்டுக்கு எங்கே போவது? களிமண்ணைக் குழைத்து அப்பி, அது மழையில் கரையாமல் இருக்கச் சந்தைப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினேன். நாற்பத்திரண்டு தடி, நாற்பத்திரண்டு பை. காற்றடித்தால் எல்லாம் ஊதிக்கொண்டு தலையாட்டும். ஏழு பேர் குளிப்பதைப் பார்க்கமுடியாமல் முறைப்பாடு செய்த சனம், இப்போது நாற்பத்திரண்டு பேய்கள் நிற்பதையும் பார்த்தது.

ஐயா வந்து பார்த்தார். ஒரு பையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

"வேலி, ஐயா."

"குச்சியா இருக்கே?"

"இப்ப குச்சிதான். பொறுத்துப் பாருங்கோ."

இரண்டு கிழமை போனது. முளை இல்லை. நாலு கிழமை. கார்த்திகை போய் மார்கழி வந்து, பாத்தி மண் கல்லாக உறைந்தது. தினமும் காலையில் இரண்டு காரியம் செய்வேன்: கொன்சியேர்ஜிடம் போய் ரியான் கேட்பேன், பிறகு வந்து நாற்பத்திரண்டு தடிகளையும் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தது. சுரண்டிச் சுரண்டியே பாதித் தோலை நான் எடுத்துவிட்டேன் என்று அண்ணை ஏசினார். மத்தியானம் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போவேன். கை கழுவும், மனம் தடியைச் சுரண்டும்.

தை மாதத்தில் மனைவியின் நீலக் கடிதம் வந்தது. பக்கத்துக் காணியில் ஷெல் விழுந்ததாம். பிள்ளை இப்போது சத்தம் கேட்டால் அழுவதில்லையாம், கட்டிலுக்குக் கீழே தானாகப் போகிறதாம். கடைசி வரி: "விலாசம் இதுதானே, மாறேல்லையே?" அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நான் பதில் எழுதினேன். விலாசம் மாறாது, முற்றத்தில் வேலிகூடப் போட்டிருக்கிறேன் என்று எழுதினேன். சொந்த வீடு வாங்கியவன் எழுதுவது போல இருந்தது, திரும்ப வாசித்தபோது. கிழிக்கக் கை வரவில்லை. அப்படியே போட்டுவிட்டேன்.

சித்திரை மாதத்தில் தடிகள் முளைத்தன.

சத்தியமாக. ஒரு காலை சுரண்டக் குனிந்தபோது தோலைப் பிளந்துகொண்டு சிவப்பும் பச்சையுமாக ஒரு முளை. அடுத்ததில் மூன்று. நான் சாரத்தோடு உள்ளே ஓடி எல்லோரையும் எழுப்பினேன். அண்ணை வந்து பார்த்து, "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். என்ன சொன்னார் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் தடி முழுக்க விரல் நீளத் தளிர். ஐயா ஒரு போத்தல் வைனோடு வந்து என் முதுகில் தட்டினார். "பசங்க சாதிச்சிட்டானுங்கப்பா." அந்தக் கிழமை முழுக்க நான் ஆளே வேறு. லா ஷப்பல் சந்தியில் கண்டவர்களிடமெல்லாம் செடி வளர்ப்பது பற்றிக் கதைத்தேன். வீட்டுப் பூச்சட்டியில் ஒன்று வாடியிருக்கிறது, வந்து பார்க்கிறீரா என்று ஒருவர் கேட்டார். நான் நேரமில்லை என்றேன்.

வைகாசி நடுவில் மூன்று நாள் வெயில் எறித்தது. கட்டடத்து நிழலால் எங்கள் முற்றத்துக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் வெயில். அந்த இரண்டு மணி நேரம் போதுமாக இருந்தது. முதல் நாள் தளிர்கள் தொங்கின. இரண்டாம் நாள் சுருண்டன. மூன்றாம் நாள் தேயிலைத் தூள்.

"நாய் மூத்திரம்" என்றார் அண்ணை. "அந்த நாய் ஒவ்வொரு கதியாலுக்கும் காலைத் தூக்கினது. நான் கண்டனான்."

அதை நம்ப ஆசையாக இருந்தது. எல்லோரும் வேலைக்குப் போன பிறகு முழங்காலில் இருந்து ஒரு தடியைப் பிடித்து இழுத்தேன். வேர் விட்ட மரம் எதிர்த்து நிற்கும். இது வெண்ணெயிலிருந்து கத்தியை எடுத்தது போல வந்தது. அடி வழுவழுவென்று, நான் வெட்டிய வெட்டு அப்படியே, கொஞ்சம் கறுத்து. அவ்வளவு நாளும் அது தன் உடம்பில் மிச்சமிருந்த சாற்றைச் செலவழித்து எனக்கு இலை காட்டியிருக்கிறது. நான் அந்தத் தடியைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணில் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கொன்சியேர்ஜ் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து நின்றதை அதற்குப் பிறகுதான் கண்டேன்.

தடியைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவ்வளவு நீளந்தான் வெட்ட வேண்டுமாம். பெரிய தடி கூடாது, அந்த வருடத்துத் தளிர் பாதி முற்றிய கொப்பு. ஆகஸ்டில் வெட்ட வேண்டும். கீழ் இலையை எடுத்துவிட்டு மேல் இலைகளைக் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கி, மணல் கலந்த சட்டியில் குத்தி, நிழலில் வைக்க வேண்டும். அடுத்த வருடம் நிலத்தில் நடலாம்.

"ஆளுயரம் வர?" என்றேன்.

"நாலு வருடம்" என்றார். "நன்றாகப் பார்த்தால், மூன்றரை."

கூட்டத்துக்கு நாலு கிழமை இருந்தது.

"முதலே ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை" என்றார். பிறகு, நான் முகத்தைத் திருப்பியதைக் கண்டு, "நீ தோட்டக்காரன் என்று நினைத்தேன்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தத் தடியைத் திரும்பக் குத்தினேன். அன்றைக்குத்தான் வாளியைத் தூக்கினேன்.

யோசனை எனக்குக் குளிக்கும்போது வந்தது. சாவீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் நாங்கள் குலையும் தோரணமும் கட்டுவதில்லையா? வெட்டிய வாழை மூன்று நாள் வாசலில் நிற்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று எந்த மாப்பிள்ளை கேட்டான்? வில்லியே லே பெல் கிழவனாரின் மற்ற இரண்டு பக்க வேலியும் நன்றாகத்தானே நிற்கிறது. திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. போனேன். வேலியைக் கத்தரித்துத் தருகிறேன், கொப்புகளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு மகிழ்ச்சி. கொண்டுவந்த கொப்புகளை மெல்லிய கம்பியால் செத்த தடிகளில் கட்டினோம், கீழிருந்து மேலாக, கம்பி தெரியாமல். சாயந்தரம் பார்த்தால் முற்றத்தில் ஒரு வேலி. பளபளவென்று, அடர்த்தியாக, கடவுளே செய்தது போல.

இதில் நான் நிபுணன் ஆனேன். புதுத் தளிர் உள்ள கொப்பை வெட்டினால் அரை நாளில் தலை சாயும். போன வருடத்து முற்றிய இலையென்றால் ஆறேழு நாள் தாங்கும். வெட்டுவாயை ஈரத்துணியால் சுற்றினால் இன்னும் ஒரு நாள். வெட்டியதை அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. திங்கள்தோறும் கிழவனாரின் வேலி குட்டையாகிக்கொண்டு போனது, என்னுடையது செழித்தது. கொப்புகளில் சில பூங்கொத்தோடு வந்தன. வெள்ளைப் பூ. என் செத்த வேலி பூத்தது. அடுத்த கிழமை பூ இருந்த இடம் மாறியிருந்தது. கொன்சியேர்ஜ் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். பத்து நாளில் பச்சைக் காயும் வந்தது. ஐயா ஒரு காயைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றித் தன் மனைவிக்குக் காட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, உது எங்கை போய் முடியப்போகுது?" என்றார் அண்ணை, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"கூட்டம் முடியுமட்டும் அண்ணை."

"பேந்து?"

"பேந்து கடிதம் வந்திடும்."

"வராட்டி?"

நான் கம்பியை முறுக்கினேன்.

"நாலு வருசம் கட்டிக்கொண்டு திரியப்போறீரோ? கிழவன்ரை வேலி முடிஞ்சா என்ன செய்வீர், பூங்காவிலை வெட்டுவீரோ? விசர் மனுசன்." சொல்லிவிட்டு, குனிந்து ஒரு கொப்பைச் சரிசெய்தார். "இஞ்சை கம்பி தெரியுது. இதை இறுக்கும்."

தண்ணீர் ஊற்றுவதுதான் கடினமாக இருந்தது. கட்டிய வேலிக்குத் தண்ணீர் தேவையில்லை. ஆனால் முளை வந்த நாளிலிருந்து ஊற்றி வந்தவன் திடீரென்று நிறுத்தினால் ஆட்கள் யோசிப்பார்களே. ஆகவே காலையும் மாலையும், நாய்க்கார மதாம் வருகிற நேரம் பார்த்து, வாளியோடு நின்றேன். ஒவ்வொரு தடியின் அடியிலும் ஒரு குவளை. குனியும்போதெல்லாம் நேர்த்தி வைத்தேன். இந்த ஒன்றாவது வேர் விடட்டும் என்று. கம்பி கட்டியவனே நேர்த்தியும் வைக்கிறான். அந்தக் கிழமைகளில் நான் எதை நம்பினேன், எதை நடித்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொன்சியேர்ஜின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, அவர் உதடு பிதுங்குவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

கூட்டத்து நாள் வந்தது. மாலை ஆறு மணிக்கு. நான் வேலைக்குப் போகவில்லை. விடிந்தவுடன் போய்ப் புதுக் கொப்பு கொண்டுவந்து கட்டி, இலை ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். சாரங்களைக் கொடியிலிருந்து எடுத்து ஒளித்தேன். ஒருவரையும் அன்று முற்றத்தில் குளிக்க விடவில்லை. பாதையில் போய் நின்று பார்த்தேன். குனிந்து பார்த்தேன், எட்டிப் பார்த்தேன். குழாய் தெரியவில்லை. கதவு தெரியவில்லை. அண்ணையை உள்ளே இருத்திச் சோறு சாப்பிடச் சொன்னேன். அவரும் தெரியவில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்து மணிக்கு ஐயா கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தார். வேலியைப் பார்த்து நிமிர்ந்தார்.

"பிரமாதம்பா. ஆனா ஒண்ணு. அந்த மதாம் சரின்னா எல்லாரும் சரின்னுடுவாங்க. அது இல்லேன்னா, நான் எவ்ளோ பேசினாலும் ஒண்ணும் ஆவாது. இப்ப நாயோட வரும். நீயே ஒரு வார்த்தை கேட்டுடேன். நான் கேட்டா பயந்துட்டான்னு நெனைக்கும்."

வசனத்தைக் கொன்சியேர்ஜிடம் ஏற்கனவே பாடமாக்கி வைத்திருந்தேன். மதாம் வந்தார். நாய் முதல் தடிக்குக் காலைத் தூக்கியது. நான் வாளியைக் கீழே வைத்து, கையைச் சாரத்தில் துடைக்கப் போய், காற்சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்து, அதில் துடைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பிழையில்லாத பிரெஞ்சு நான் பேசியதில்லை.

"மதாம், எட்டு மாதமாக இந்த வேலியை வளர்த்தேன். எங்களால் உங்களுக்குத் தொந்தரவு இருந்தது, மன்னிக்க வேண்டும். எனக்கு இந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் வரவேண்டியிருக்கிறது. அது வரும்வரையாவது எங்களை இருக்க விடுங்கள். இப்போது நாங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, இல்லையா?"

அவர் வேலியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். ஒரு இலையைத் தொட்டும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. நாயின் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முற்றத்துக்கு நேர் மேலே திறந்திருந்த ஒரு ஜன்னலைக் கண்ணால் காட்டினார்.

"நான் இருப்பது நாலாம் மாடியில், முசியே."